மாப்பிள்ளையின் முன் டீரெய்லரை ராவிய விவரம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. கடல் மேல் தாங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், உங்கள் அத்தை, பாப்பா மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உடம்புக்கு வந்தது உங்கள் சைக்கிளுக்குத்தான். இந்தக் கடிதம் முழுவதும் அதைப் பற்றியது என்பதால், எஞ்சின் ரூமில் நின்றுகொண்டு படிக்காமல், எங்கேயாவது உட்கார்ந்து படிக்கும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் போன துறைமுகத்தில் போட்ட கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. "இனி அவளால் சைக்கிள் ஓட்ட முடியாது என்று ஆகிவிட்டது மாமா. அவள் வராமல் எனக்கு மட்டும் எதற்கு? என் ரோடு சைக்கிள், அவளுடைய மலை சைக்கிள் இரண்டையும் அவள் கண்ணில் படாமல் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இருபதாம் தேதி என் நண்பர் வேன் கொண்டுவருவார்" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன். மனைவியின் முழங்கால் போனதற்காகத் தன் உயிரான சைக்கிளைத் தூக்கிக் கொடுக்கிற மாப்பிள்ளை எத்தனை பேருக்கு வாய்ப்பார்? கண் கலங்கிய அதே நேரத்தில் பயமும் பிடித்துக்கொண்டது. காரணம், இரண்டு சைக்கிளைக் கொடுக்கச் சொல்கிறீர்கள், என்னிடம் இரண்டு சைக்கிள் இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. பாக்கி ஓர் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே "என்னது?" என்பீர்கள், அதற்குமேல் எனக்கு வாய் வராது. கடிதத்தில் நீங்கள் நடுவில் பேச முடியாது அல்லவா, அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். அந்த வேன்காரன் பார்க்காமல் கதவைத் திறந்து, பாப்பா அதில் மோதி விழுந்து, மாவுக்கட்டு போட்டது வரை நீங்கள் கூடவே இருந்தீர்கள். நீங்கள் கப்பலேறிய பிறகு கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி படி ஏறி இறங்கணும், சைக்கிள் மிதிக்கணும், ஆனால் முழங்காலுக்கு பாரம் கொடுக்காமல் லேசாக மிதிக்கணும் என்று பிசியோ அம்மா சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் போய்விட்டார், கேட்டவள் மாடி அறையை விட்டு நகரவில்லை. அங்கேயே கம்ப்யூட்டரில் நிலப்படம் வரைவாள், அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பேன். "இருக்குப்பா" என்பாள். ஒரு நாளைக்கு அப்பனும் மகளும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஒரு மதியம் தட்டை எடுக்கப் போனபோது, ஜன்னல் வழியாகத் தண்ணீர்த்தொட்டி மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீங்கள் இருவரும் ஏறுவீர்களே, அதே மேடு. "அதெல்லாம் அவ்வளவுதான்பா. இனிமே நம்மால ஆகாது" என்றாள். அழுதிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். தட்டோடு நேராகக் கீழே இறங்கி, பக்கவாட்டுக் கொட்டகையில் உங்கள் சைக்கிள் மேல் போர்த்தியிருந்த போர்வையை உருவினேன். தட்டு இன்றுவரை அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறது, அதில் இப்போது போல்ட்டுகள் கிடக்கின்றன.

என் எண்ணம் என்னவென்றால், பாப்பாவின் மலை சைக்கிளுக்குச் சட்டம் வளைந்துவிட்டது, ஆனால் முன்னால் இருக்கிற மூன்று பல்சக்கரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் சின்னச் சக்கரத்தில் போட்டால் பூப்போல மிதிக்கலாம். உங்கள் ரோடு சைக்கிளுக்குச் சட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் முன்னால் இருக்கிற இரண்டு சக்கரமும் பீமனுக்குச் செய்தவை. உயரத்தில் நீங்கள் இருவரும் ஏறத்தாழ ஒன்று, சீட்டை ஒரு விரற்கடை இறக்கினால் தீர்ந்தது. ஆகவே அவளுடைய பல்லை எடுத்து உங்கள் தாடையில் வைப்பது என்று முடிவுசெய்தேன். தப்பாக நினைக்கக் கூடாது, முப்பத்தெட்டு வருடம் பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் கட்டியவனுக்கு அப்படித்தான் தோன்றும். ஓய்வு பெற்று ஏழு மாதம்தான் ஆகிறது, கை இன்னும் அடங்கவில்லை. உங்கள் அத்தை காலையில் வங்கிக்குக் கிளம்பிப் போனால், வீட்டில் நானும் என் ராவுகிற மோட்டாரும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

முதல் இரண்டு நாள் எல்லாம் வெண்ணெய் மாதிரி நடந்தது, அதுதான் வினையாகப் போயிற்று. பல்சக்கரங்களைக் கழற்றி மாட்டத் தனிக் கருவி வேண்டும் என்பதால், அதை மட்டும் முக்குச் சைக்கிள் கடைக்காரர் செய்துகொடுத்தார். பிறகு நானே பாப்பாவின் பின் டீரெய்லரை, அதாவது பின்சக்கரத்தில் செயினைப் பல் மாற்றிவிடுகிற அந்தக் கையை, உங்கள் சைக்கிளில் மாட்டினேன். மாட்டி, உங்கள் வளைந்த ஹாண்டில்பாரில் இருக்கிற வலது லீவரைத் தட்டினேன். டக், டக், டக் என்று ஒன்பது கியரும் விழுந்தன. மலை சைக்கிள் சாமான், ரோடு சைக்கிள் லீவர், ஒரு சண்டை இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்கள் அத்தை வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, டக் டக்கென்று போட்டுக் காட்டினேன். "சரி, கையைக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள். அவளுக்கு இதிலெல்லாம் ரசனை கிடையாது.

பின்னால் சேர்ந்ததே, முன்னால் சேராமலா போகும் என்று நினைத்தேன். மாப்பிள்ளை, அங்கேதான் நான் கவிழ்ந்தேன். முன் டீரெய்லர் என்பது என்ன? ஒரு சின்னக் கூண்டு. செயின் அதற்குள் நுழைந்து போகிறது. கூண்டு வலப்பக்கம் தள்ளினால் செயின் பெரிய சக்கரத்துக்கு ஏறும், இடப்பக்கம் தள்ளினால் சின்னதற்கு இறங்கும். இதில் என்ன கம்பசூத்திரம் இருக்கிறது? உங்கள் சைக்கிளில் ஏற்கெனவே இருந்ததையே அப்படியே விட்டுவைத்தேன். அது என்னடாவென்றால் வெளிச் சக்கரத்தை எட்டவே மாட்டேன் என்கிறது. மலை சைக்கிளில் சக்கரங்கள் சட்டத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி வெளியே நிற்கின்றனவாம், உங்கள் கூண்டுக்கு அவ்வளவு கை நீளம் இல்லை. போதாததற்கு அது பெரிய சக்கரத்தின் வளைவுக்குச் செய்த கூண்டு. சின்னச் சக்கரங்களின் மேல் அது, குழந்தை அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டதுபோல் நிற்கிறது. செயின் கூண்டின் வாலில் உரசிக் கரகரவென்று கத்துகிறது. உரசுகிறதா? உரசுகிற இடத்தைக் கண்டுபிடித்து ராவுவதுதானே என் பிழைப்பு! பல் செட்டில் எங்கே மேடு தட்டுகிறது என்று பார்க்க ஒரு நீலத்தாள் வைத்திருப்போம். நோயாளி கடித்தால், தட்டுகிற இடத்தில் நீலம் ஒட்டும், ஒட்டிய இடத்தை ராவ வேண்டும். அந்த நீலத்தாளைக் கூண்டுக்கும் செயினுக்கும் நடுவில் வைத்துப் பெடலைச் சுற்றினேன், நீலம் ஒட்டியது, ராவினேன். மறுபடி வைத்தேன், வேறு இடத்தில் ஒட்டியது, அங்கேயும் ராவினேன். இப்படி மூன்று நாள். நாலாம் நாள் நீலம் எங்கேயும் ஒட்டவில்லை. ஏன் என்று குனிந்து பார்த்தால், ஒட்டுவதற்குக் கூண்டில் இடம் பாக்கி இல்லை. மாப்பிள்ளை அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நீங்கள் வெளிநாட்டிலிருந்து ஆசை ஆசையாக வாங்கிவந்த சாமான் அது என்று பாப்பா பிறகுதான் சொன்னாள்.

பாப்பா எப்படி இதில் வந்தாள் என்று சொல்ல வேண்டும். ராவுவதற்கு ஒரு கை, தாளைப் பிடிக்க ஒரு கை, பெடலைச் சுற்ற மூன்றாவது கைக்கு எங்கே போவேன்? சைக்கிளைக் கொட்டகை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, "பாப்பா, பெடலச் சுத்த ஆள் வேணும்மா" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தேன். "அம்மா வரட்டும்பா" என்று மேலேயிருந்து பதில். சரி என்று நானே காலால் சுற்றப் போய், கயிறு நழுவி, சைக்கிள் ஆடி, செயின் என் சட்டைக் கையைக் கவ்விக்கொண்டது. "ஐயோ!" என்று கத்தினேன். அப்புறம் மாடிப்படியில் ஒரு காலடி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து, பதினாறு படியும் இறங்கி வந்தாள். வந்து, செயினில் மாட்டிய சட்டையோடு என்னைப் பார்த்துவிட்டு, "யாரு யாரச் சரி பண்றது, நீ சைக்கிளையா, சைக்கிள் உன்னையா?" என்று கேட்டாள். அவள் கிண்டல் செய்து நான் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. மறுநாளும் வந்தாள். முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பெடலைச் சுற்றுவாள், நான் ராவிக்கொண்டே ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன்.

கூண்டு போனதா, போகட்டும், பாப்பாவின் மலை சைக்கிளுக்கு உரிய முன் டீரெய்லரே இருக்கிறதே, மூன்று சக்கரமும் அதற்குப் பழக்கம்தானே என்று அதை எடுத்தேன். அதன் வளையம் உங்கள் சட்டத்துக்குப் பெரிதாக இருந்தது, வேட்டி நழுவுவதுபோல் நழுவியது. அது எனக்கு ஒரு விஷயமா? பல் செட்டுக்கு ஈறு செய்கிற பிளாஸ்டிக்கைக் கரைத்து, அச்சு எடுத்து, இடைவெளிக்குக் கனக்கச்சிதமாக ஒரு வளையம் வார்த்துச் சொருகிவிட்டேன். இளஞ்சிவப்பில், பார்க்க உங்கள் சைக்கிள் வாயைத் திறந்து சிரிப்பதுபோல் இருக்கிறது. அது அசையவே இல்லை. ஆனால் இடது லீவரைத் தட்டினால், ஒரு கிளிக்குக்குச் செயின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு அரைக்கிறது. கேபிளை இறுக்கிக் கட்டினால் ஒரேயடியாக வெளியே தூக்கி எறிகிறது. தளர்த்தினால் அசைய மறுக்கிறது. பத்து நாள் இறுக்கினேன், தளர்த்தினேன், இறுக்கினேன். இந்த அமளியில் எதிர்வீட்டு வக்கீல் கொஞ்சம் ராவித் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன மேல்வரிசைப் பல் செட்டும் தவறுதலாகச் செயின் எண்ணெய்த் தட்டில் விழுந்து ஒரு நாள் ஊறிவிட்டது. நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவித்தான் கொடுத்தேன். இருந்தாலும் மனுஷன் மூன்று நாள் எந்த வழக்கிலும் வாயைத் திறக்கவில்லை என்று கேள்வி.

கடைசியில் மானத்தை விட்டு, இரண்டு டீரெய்லரையும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் உங்களுடையதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன சார், எலி கடிச்சுதா?"

"நான் ராவினது."

ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றார். ஆஸ்பத்திரியில் கெட்ட சேதி சொல்லுமுன் அப்படித்தான் உட்காரச் சொல்வார்கள்.

"பின்னாடி சேர்ந்துச்சுன்னு முன்னாடியும் சேரும்னு நெனச்சிட்டீங்க, அதானே? எல்லாரும் அங்கதான் சார் விழுறாங்க. உங்க ஒன்பது கியர் சாமான்ல பின்னாடி ரோடுக்கும் மலைக்கும் ஒரே அளவு வச்சிட்டாங்க, அதனால ஒத்துப்போச்சு. முன்னாடி அப்படி இல்ல. ரோடு லீவர் ஒரு கிளிக்குக்கு இழுக்கிற கேபிள் ஒரு அளவு. மலை டீரெய்லர் நகர்றதுக்குக் கேக்குற கேபிள் வேற அளவு. நீங்க வருஷக்கணக்கா முறுக்கினாலும் சேராது."

"முப்பத்தெட்டு வருஷம் சேராததெல்லாம் சேத்திருக்கேன்யா" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"வாய்ல சார்" என்றார் அவர். "வாய் விட்டுக்கொடுக்கும். இரும்பு விட்டுக்கொடுக்காது."

அவர் சொன்னது சத்தியம் மாப்பிள்ளை. நாங்கள் பல் செட்டை முக்கால்வாசிதான் பொருத்துகிறோம், பாக்கியை அந்த நோயாளியின் ஈறு இரண்டு வாரத்தில் தானே பழகிக்கொள்கிறது. அதையும் என் கைத்திறன் என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எழுந்து கிளம்பியவனை, "எங்க சார் போறீங்க? இதுக்கு வழி இருக்கு" என்று அவரே கூப்பிட்டார். ஒரு பழைய டப்பாவைக் கொட்டித் துழாவி, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு லீவரை எடுத்தார். அதில் கிளிக்கே கிடையாது. எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு நகரும், விட்ட இடத்தில் நிற்கும். "இதுக்கு ரோடும் தெரியாது, மலையும் தெரியாது. செயின் ஏறுற வரைக்கும் தள்ளுங்க, சத்தம் வந்தா கொஞ்சம் பின்னாடி விடுங்க. உலகத்துல இருக்கிற எந்த டீரெய்லரோடயும் போகும்" என்றார். அதை ஹாண்டில்பாரின் நடுவில் மாட்டினேன். உங்கள் இடது லீவர் இப்போது பிரேக்குக்கு மட்டும். பாப்பா பெடலைச் சுற்ற, நான் தள்ள, செயின் சின்னதிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து பெரிசுக்கு முனகாமல் ஏறியது. போர்வையை உருவின நாளிலிருந்து இருபத்துமூன்றாம் நாள். நான் அழுதுவிட்டேன். பாப்பா, "அப்பா, மூக்குல கிரீஸ்" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஏறினாள். எங்கே என்று கேட்கிறீர்களா? தண்ணீர்த்தொட்டி மேடுதான். முதலில் தெருமுனை வரை போகலாம் என்றுதான் கிளம்பினாள், முனையில் திரும்பாமல் நேரே போய்விட்டாள். உங்கள் அத்தை ஸ்கூட்டரை எடுக்க, நான் மடியில் கருவிப் பையோடு பின்னால் உட்கார, துரத்தினோம். முதல் வளைவில் நின்று மூச்சு வாங்கினாள். இரண்டாவது வளைவில் கால் நடுங்கியது, எங்களுக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. "போதும், இறங்கச் சொல்லுங்க" என்று அத்தை பதறினாள். நான், "நடு லீவர்! நடு லீவர்! மெதுவா இழு!" என்று கத்தினேன். அவள் திரும்பாமலே ஒரு கையை உயர்த்திக் காட்டினாள். உடனே மிதி சீரானது, பார்க்க வேண்டுமே, அப்படியே வழுக்கிக்கொண்டு போனது! லீவரின் மகிமை. மேலே தொட்டியின் கம்பிக் கதவைத் தொட்டுவிட்டு, சைக்கிளின் மேலேயே கவிழ்ந்து அழுதாள். அத்தையும் அழுதாள். நான் ஏற்கெனவே அழுதுவிட்டபடியால் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய், நானும் அழுதேன்.

ஆகையால் மாப்பிள்ளை, இருபதாம் தேதி வேன் வர வேண்டாம் என்று நண்பருக்குச் சொல்லிவிடவும். உங்கள் பிரியத்தை நான் குறைவாக எடைபோடவில்லை, ஆனால் அவளுக்கு முடியாது என்று நீங்கள் கடலில் இருந்தபடி முடிவுசெய்ததும், நான் கீழே இருந்தபடி பயந்ததும் இரண்டுமே தப்பாகிவிட்டது. ராவிய கூண்டைப் பத்திரமாகப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன், வந்ததும் என்னைத் திட்டுவதென்றால் அதைக் கையில் வைத்துக்கொண்டு தாராளமாகத் திட்டலாம். முன் டீரெய்லர் ஒன்று இல்லாவிட்டால் பாப்பா இன்று மாடியில்தான் இருந்திருப்பாள் என்பதை மட்டும் அப்போது நினைவில் வைக்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடவும். ஈரக்காற்றில் தலையை மூடிக்கொள்ளவும். தங்கள் கப்பலும் அதன் எஞ்சினும் தாங்களும் குறையில்லாமல் கரை சேர வேண்டுமென்று அத்தையும் நானும் வேண்டிக்கொள்கிறோம். நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் மீது மாறாத அன்பும், தற்சமயம் சிறிது பயமும் கொண்ட
மாமா

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் பாப்பா இதை எடுத்துப் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. விஷயம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த நடு லீவரைத் தொடவே இல்லையாம். கிளம்பும்போது செயின் சின்னச் சக்கரத்தில் இருந்தது, ஏறும்போதும் அதிலேயே இருந்தது, இறங்கும்போதும் அதிலேயே இருந்தது. கையை உயர்த்திக் காட்டியது "கத்தாதே" என்பதற்காம். பல்சக்கரம் மாற்றின அன்றே செயினைக் கையால் எடுத்துச் சின்னதில் போட்டிருந்தால் வேலை முடிந்ததாம், முன் டீரெய்லரே வேண்டாமாம். அதாவது மேலே நான் எழுதிய ஆறு பக்கத்தில் ஐந்து பக்கத்துக்கு அவசியம் இல்லை. "அடிப்பாவி, அதை அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றேன். "சொல்லியிருந்தா நீ மூணாம் நாளே முடிச்சிருப்ப. அப்புறம் நீ கீழ, நான் மேல. மறுபடியும் ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்கணும். நீ ஓய்வு வாங்கினதுலருந்து இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லப்பா" என்றாள். என்னைச் சரிபண்ணத்தான் தினமும் பதினாறு படி இறங்கி வந்தாளாம், பாருங்கள். நான் அவளைச் சரிபண்ணுவதாக நினைத்து ராவிக்கொண்டிருக்கிறேன்! பேனாவைப் பிடுங்குகிறாள். கீழே இருப்பது அவள் எழுத்து.

ஏங்க, எனக்குக் கால் நல்லாயிருக்கு. உங்க சைக்கிள நான் எடுத்துக்கிட்டேன், திருப்பித் தர மாட்டேன். வரும்போது உங்களுக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. முன்னாடி இருக்கிறது எதோடயும் சேராத மாதிரி பாத்து வாங்குங்க. அப்பா காலைலருந்து சும்மா உக்காந்திருக்காரு.